பின்பனி போதாத கோதுமை

பிப்ரவரி பாதியில் டெல்லியில் ரஜாய்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடும். ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, நாப்தலீன் உருண்டைகளோடு பெட்டிக்குள் போனால் அடுத்த குளிருக்குத்தான் வெளியே வரும். சாலையோர இலவ மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தடித்த சிவப்புப் பூக்களுடன் நிற்கும். மூடுபனியால் ரயிலுக்கும் விமானத்துக்கும் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த நகரவாசிக்கு 'அப்பாடா' என்றிருக்கும்.

அங்கிருந்து வடக்கே சுமார் 125 கி.மீ. தள்ளி, ஹரியானாவின் கர்னால் பக்கம் இதே வெயிலை முகம் சுளித்துப் பார்க்கிறார் கோதுமை விவசாயி. வசந்தம் வந்தால் குளிர் பறந்துவிடும் என்று பஞ்சாபில் ஒரு சொலவடை உண்டு. பசந்த் பஞ்சமியன்று பட்டம் விடும்போது உற்சாகமாகச் சொல்வது. இப்போது குளிர் நிஜமாகவே பறப்பதுதான் சிக்கல்.

தமிழ்ப் பஞ்சாங்கத்தில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெயரளவில் இருக்கும் இந்தப் பருவம்தான் வடக்கே கோதுமைக்கு உயிர். நவம்பரில் விதைத்த பயிர் பிப்ரவரியில் கதிர் விட்டுப் பூக்கும். மார்ச்சில் பால் பிடிக்கும். இரவில் குளிரும் பகலில் இளவெயிலுமாக இருந்தால் மணி நிதானமாக நிரம்பும், திரட்சியாக இருக்கும். திடீரென்று வெயில் ஏறினால் பயிர் அவசரப்பட்டு முன்கூட்டியே முற்றிவிடும். பார்வைக்கு வயல் அதே பொன்னிறம்தான். சூம்பிய மணி என்பது கதிரைக் கசக்கிப் பார்த்தால்தான் தெரியும். எவ்வளவு நஷ்டம் என்பது மண்டியில் தராசில் ஏற்றும்போது தெரியும்.

2022இல் அதுதான் நடந்தது. சராசரிப் பகல் வெப்பத்தில் 1901க்குப் பிறகு நாடு கண்ட மிகச் சூடான மார்ச் அது. பிப்ரவரியில் 11.13 கோடி டன் விளையும் என்று மதிப்பிட்ட மத்திய அரசு மே மாதத்தில் அதை 10.64 கோடியாகக் குறைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை. உலகத்துக்கே உணவளிக்கத் தயார் என்ற பேச்சு அடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கொள்முதலில் சுருங்கிய மணிகளுக்கான வரம்பு 6 சதவீதத்திலிருந்து 18 ஆகத் தளர்த்தப்பட்டது. அப்படியும் முந்தைய ஆண்டு 433 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 188 லட்சமாகச் சரிந்தது. உக்ரைன் போரால் வெளிச்சந்தையில் விலை ஏறியதும் இதற்கு ஒரு காரணம். பல மாநிலங்களில் இலவச ரேஷன் கோதுமையின் இடத்தில் அரிசி வந்து உட்கார்ந்தது. மார்ச் மாதத்து வெயில் மே மாதத்துச் சப்பாத்தியில் தெரிந்தது.

மறு வருடம் பிப்ரவரியே முந்திக்கொண்டது. 2023 பிப்ரவரியின் சராசரிப் பகல் வெப்பமும் 1901க்குப் பிறகு அதிகபட்சம். மத்திய வேளாண் அமைச்சகம் பதறிப்போய்க் குழு அமைத்தது. ஆனால் மார்ச்சில் வானம் கறுத்து மழையும் ஆலங்கட்டியும் கொட்டின. பல இடங்களில் பயிர் சாய்ந்தது, சூடோ தணிந்தது. அந்த ஆண்டு மகசூல் சாதனை அளவு என்று அரசு கணக்குச் சொன்னது. கோதுமையை நம்பிப் பந்தயம் கட்ட முடியாது.

விவசாயி கையில் இருப்பது சொற்பம். காற்று அடங்கிய மாலையில் லேசாகத் தண்ணீர் பாய்ச்சி வயலைக் குளிர்விக்கலாம். பாய்ச்சிய பின் காற்று அடித்தால் பயிர் படுத்துவிடும். இன்னொரு வழி, அக்டோபர் கடைசியிலேயே விதைத்து வெயிலுக்கு முன் மணியை நிரப்பிவிடுவது. கர்னாலில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் டி.பி.டபிள்யூ. 187, 303 போன்ற ரகங்களை இதற்காகவே கொடுத்திருக்கிறது.

ஆனால் அக்டோபரில் வயல் காலியாக இருக்க வேண்டுமே! அப்போது நெல் நிற்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற, ஜூனுக்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்று பஞ்சாபிலும் ஹரியானாவிலும் 2009 முதல் சட்டம் இருக்கிறது. நடவு தள்ளினால் அறுவடை தள்ளும், அவசரத்தில் வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள், டெல்லி இருமும், கோதுமை விதைப்பும் தாமதமாகும். சீக்கிரம் விளையும் பி.ஆர். 126 நெல் வந்தது. அதில் அரிசி குறைவாகத்தான் தேறுகிறது என்று 2024இல் ஆலைக்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள். தாளடியை எரிக்காமல் அதற்குள்ளேயே கோதுமை விதைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. சிறு விவசாயிக்கு அவை வாடகைக்கு, அதுவும் சரியான வாரத்தில் கிடைக்க வேண்டும்.

ஆகவே மார்ச் முதல் வாரத்தில் கர்னால் விவசாயி விடிந்ததும் வரப்புக்குப் போகிறார். கதிர் நுனியில் பனித்துளி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறார். கை நனைந்தால் திருப்தி. வீட்டில் ரஜாயை இன்னும் உள்ளே வைக்க வேண்டாம் என்கிறார்.