பேப்பர் திருத்துறவருக்குக் காசு யார் கொடுக்கிறாங்க?

நம்ம செமஸ்டர் பேப்பரைத் திருத்த ஆளை நாமே பிடித்து, காசையும் நாமே கொடுக்கலாம் என்றால் எப்படி இருக்கும்? அரியர் என்ற பேச்சே இருக்காது! அதனால்தான் பேப்பர் முகம் தெரியாத ஒருவரிடம் போகிறது. அவருக்குக் காசு தருவது பல்கலைக்கழகம்.

சரி, நாம் வேலைக்குப் போகப்போகும் கம்பெனியின் கணக்கைத் திருத்தும் ஆடிட்டருக்குக் காசு தருவது யார்? அதே கம்பெனிதான்.

"இதெல்லாம் பி.காம். பசங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்கிறீர்களா? சத்யம் கம்ப்யூட்டர்ஸில் வேலை பார்த்த சுமார் 50,000 பேரில் பெரும்பாலோர் நம்மைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள்தான். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கையிலும் வங்கியிலும் இருப்பதாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். அதுவரை வருஷா வருஷம் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். வங்கியிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பது ஆடிட்டிங்கில் அரிச்சுவடி. 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட 10 பேருக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. அதில் இருவர் அந்த ஆடிட் நிறுவனத்தின் முன்னாள் பார்ட்னர்கள். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது தனிக்கதை.

ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போனவர்களுக்குத் தெரியும். அளக்கிற வெர்னியருக்கே கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த தேதி எழுதியிருப்பார்கள். ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு பார்க்கிறோம். கோடிகளுக்கு?

சட்டம் சும்மா இல்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்கள், 5 ஆண்டுக்கு. லிஸ்ட் ஆன கம்பெனியில் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. கணக்கு எழுதித் தரும் வேலையை அதே ஆடிட்டர் செய்யக்கூடாது. பாதியில் நீக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆடிட்டர்களையே கண்காணிக்க 2018-ல் என்.எஃப்.ஆர்.ஏ. என்ற ஆணையம் வந்தது.

எல்லாம் நல்லதே. ஆனால் ஆடிட்டரின் பெயரைப் பரிந்துரைப்பது கம்பெனியின் போர்டு. கூட்டத்தில் பெரும்பாலும் அது அப்படியே பாஸ் ஆகிவிடும். "ஃபீஸை போர்டே பேசி முடிக்கட்டும்" என்று விட்டுவிடுவதும் சகஜம். சத்யத்தில் ராஜு தரப்பிடம் இருந்த பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதி பங்கை வைத்திருந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே!

ஆகவே என் கருத்து இது: லிஸ்ட் ஆன கம்பெனிகள் ஆடிட் ஃபீஸை ஒரு பொது நிதியில் கட்டட்டும். ஆடிட்டரை ஒரு வெளி அமைப்பு ஒதுக்கட்டும். முடியாத காரியமா? அரசு கம்பெனிகளுக்கு ஆடிட்டரை நியமிப்பது இன்றும் சி.ஏ.ஜி.தானே. "தொழில் தெரியாத ஆடிட்டரைத் தலையில் கட்டிவிட்டால்?" என்று கேட்பது நியாயம். அதற்குத் துறைவாரியாகப் பட்டியல் போடலாம். ஆடிட்டர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவரும் தைரியமாக "நோ" சொல்ல வேண்டுமென்றால், அவருடைய அடுத்த வருஷ வருமானம் அந்தக் கம்பெனி கையில் இருக்கக்கூடாது.

அது வரும்போது வரட்டும். உங்களுக்கு ஆஃபர் லெட்டர் வந்தால் வல்லக்கோட்டை முருகனுக்கு ஓர் அர்ச்சனை பண்ணுங்க. கையோடு, கம்பெனி லிஸ்ட் ஆனதாக இருந்தால், அதன் ஆண்டறிக்கையை டவுன்லோட் பண்ணி மூன்றே விஷயம் பாருங்க: ஆடிட்டர் ஏதாவது ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா? ஆடிட் ஃபீஸைவிட மற்ற வேலைகளுக்கு அவர் வாங்கும் காசு அதிகமா? பாதியில் யாராவது ராஜினாமா செய்தார்களா? பத்து நிமிஷம் ஆகும். அடுத்த சில வருஷம் நம்ம வீட்டு இ.எம்.ஐ. அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடப்போகிறது.