யாரைப் பொறுத்து?

இயற்பியல் பயிலும் மாணவர் பலர், சார்புத் திசைவேகக் கணக்கு என்றாலே தயங்குகின்றனர். கூட்டுவதா, கழிப்பதா என்னும் ஐயம் அவர்களை அலைக்கழிக்கின்றது. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் பிள்ளைகளோ, ஓரிரு முறை தவறியதும் தமக்கு அறிவியல் வராது என்றே முடிவுகட்டி விடுகின்றனர். தமிழாசிரியனுக்கு இங்கு என்ன வேலை எனலாம். இப்பிழை கணக்கில் பிறப்பதன்று, வாக்கியத்தைப் படிப்பதில் பிறப்பது என்பதே என் கருத்து.

‘பேருந்தைப் பொறுத்துத் தொடர்வண்டியின் திசைவேகம்’ என்னும் தொடரைக் காண்க. இதில் ‘ஐ’ உருபு ஏற்ற பெயர் பேருந்து. அதன் திசைவேகமே கழிக்கப்பட வேண்டியது. தொடர்வண்டி மணிக்கு 60 கி.மீ., பேருந்து 40 கி.மீ. என ஒரே திசையில் சென்றால் விடை 20. பேருந்து எதிர்த்திசையில் வந்தால் அதன் திசைவேகம் –40. அதனைக் கழிக்க 100 கிடைக்கும். விதி ஒன்றே, மாறியது குறி மட்டுமே.

ஆற்றுக் கணக்கும் இத்தகையதே. ஆற்றின் அகலம் 80 மீட்டர். நீரோட்டம் நொடிக்கு 3 மீட்டர். நீரைப் பொறுத்துப் படகின் வேகம் 5 மீட்டர். ‘மிகக் குறைந்த நேரத்தில் கடக்க’ என்று வினா அமைந்தால், படகின் முகம் எதிர்க்கரையை நேரே நோக்க வேண்டும். 16 நொடியில் கரை சேரலாம். ஆயின் ஓட்டம் 48 மீட்டர் இழுத்துச் சென்றுவிடும். ‘நேர் எதிரே சேர’ என்று அமைந்தால், முகத்தை ஓட்டத்திற்கு எதிராகச் சாய்க்க வேண்டும். அப்போது கரையைப் பொறுத்த வேகம் 4 மீட்டராகி, 20 நொடி பிடிக்கும். வினாவின் சொல்லைக் கூர்ந்து நோக்காதவன், சூத்திரம் அறிந்தும் ஒன்றிற்கு மற்றொன்றை விடையாக எழுதுவான்.

சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர், அது செல்கிறதா நிற்கிறதா என்று உள்நிகழ்வுகளைக் கொண்டு அறிய இயலாது. கலிலியோ இதனை 1632இல் வெளியான தம் உரையாடல் நூலில் விளக்கினார். அந்நூலை அவர் அறிஞர் மொழியான இலத்தீனில் எழுதவில்லை. தம் மக்களின் இத்தாலிய மொழியிலேயே எழுதினார்.

ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவோரும் வினாவை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். இயற்பியல் ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் அதற்கு இடம் தரட்டும். ‘தமிழில் கேட்டால் நகைப்பரோ’ என்று வாய்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அறிவுக் குறைவு இல்லை. ‘யாரைப் பொறுத்து?’ என்று துணிந்து கேட்கும் உரிமையே அப்பிள்ளைக்குத் தேவை.