தலைக்கு 20 வெள்ளி

போன மாதம் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பியதும் மனைவியிடம் சொன்னேன்: “தாத்தா வேலையைக் கத்துக்கலாம்னு பார்க்கிறேன்.” சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், “மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள். மாமா என்றால் என் அப்பா.

என் தாத்தா முடிதிருத்துபவர். கிள்ளானில் மூன்று நாற்காலி போட்ட சிறிய கடை. நான் வானொலிக்கு வந்ததற்கே அந்தக் கடைதான் காரணம். அங்கே நாள் முழுக்க ரேடியோ பாடும். பெஞ்சில் காத்திருப்பவர்கள் தமிழ் நேசனை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பேட்டி எடுப்பது எப்படி என்று நான் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்தேன். தாத்தாவோ, முகம் முழுக்க சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரிடமே முழுக் கதையையும் வாங்கிவிடுவார்.

எனக்கு 37 வயது. ஆண்டுக்கொருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. வண்டியில் என் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது காதில் மாட்டிக்கொண்டு வேறு எதையோ கேட்கிறார்கள். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

தாத்தாவிடம் தொழில் பழகிய அண்ணன் ஒருவர் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார். அவர் பசியாறிக்கொண்டே கணக்குச் சொன்னார். “ஒரு தலைக்கு 20 வெள்ளி. 15 தலை வந்தா அன்னிக்கு 300. அதுல வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் போகணும் தம்பி. மழை பெஞ்சா 6 தலைதான்.”

ஆள் கிடைப்பதுதான் அவருடைய பெரிய தலைவலி. முடிதிருத்தம், ஜவுளி, நகை ஆகிய மூன்று தொழில்களுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டது. 7,500 பேரை எடுக்கலாம் என்ற அறிவிப்பு 2023இல்தான் வந்தது. இடையில் எத்தனையோ நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நம் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கூட்டங்களில் கேட்கிறோம். பதில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“எங்கப்பா ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னாரு. கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. எதுக்கு நின்னாரு? நான் நிக்கக் கூடாதுன்னுதான்.”

கால் வலி மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால், “தாத்தா கடை வச்சிருந்தாரு” என்பதோடு நிறுத்திக்கொள்வோம். என்ன கடை என்று யாராவது கேட்டால் அம்மா தேத்தண்ணி கலக்க உள்ளே போய்விடுவார். பேரங்காடியில் கறுப்பு ஏப்ரன் கட்டிய பையனை ‘பார்பர்’ என்றால் ஸ்டைல். அவனுக்கு இன்ஸ்டாகிராமில் ரசிகர்கள்கூட உண்டு. அதே வேலையைத் தமிழில் சொல்லும்போது எங்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நான். என் தாத்தா செய்த வேலையின் பெயரை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நிகழ்ச்சியில் சொன்னதில்லை. இந்தப் பத்தியில்தான் முதல்முறை.

அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தாத்தா நின்று சம்பாதித்ததில்தான் அப்பா படித்தார், அதனால்தான் நானும் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு திரும்ப அதே நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது அவருக்குத் தோல்வியாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டவர் அவர், நான் இல்லை.

இப்போதைக்குச் சனிக்கிழமைகளில் அண்ணன் கடைக்குப் போகிறேன். முதல் இரண்டு வாரம் தரையைப் பெருக்க மட்டும்தான் விட்டார். மூன்றாவது வாரம் பலூனை ஊதி, நுரை தடவி, சவரக் கத்தியைக் கையில் கொடுத்தார். 4 பலூன் வெடித்தது. ஐந்தாவது தப்பியது. அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். அப்பா பார்த்துவிட்டார் என்று நீல நிற டிக் காட்டியது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.