பின் கதவைத் திறந்து பாருங்கள்



வீடு வாங்கச் செல்வோர் வாசல் நிலையைத் தட்டிப் பார்ப்பர். கூடத்தின் தரையை வியப்பர். சமையலறையின் வெளிச்சத்தைப் புகழ்வர். பின் கதவைத் திறந்து கொல்லைப்புறம் வரை செல்வோர் சிலரே. நான் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பணிக்கொடை முழுவதையும் கொடுத்து வீடொன்று வாங்கினார். குடிபுகுந்த பின் அளந்தபோது, கார்க் கொட்டகை இரண்டடி அகலத்திற்கு அடுத்த வீட்டாரின் மனையில் நின்றது. கொட்டகையைப் பிரித்தார். மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த தொகையில் ஒரு பகுதி கரைந்தது. அதனினும் பெரிய இழப்பு, முதல் மாதத்திலேயே அண்டை வீட்டாருடன் பேச்சு நின்று போனதாகும்.

சட்டம் நம்மைக் காக்காதா எனக் கேட்பீர்கள். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், தமக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் வெளியிட வேண்டும் என்கின்றது. ஆனால் எத்தகைய குறைகளை? வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க இயலாதவற்றை மட்டுமே. கண்ணுக்குப் புலப்படுவதைக் காண்பது வாங்குபவரின் கடமை.

ஆதலின் முதலில் நிலத்தைப் பாருங்கள். பத்திரத்தையும் புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, நில அளவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். கொட்டகை, தொழுவம், பம்பு அறை யாவும் எல்லைக்குள் நிற்கின்றனவா? அனுமதி பெற்ற வரைபடத்தில் அவை உள்ளனவா? அயலார் எவரேனும் கொல்லை வழியே நடந்து வருகின்றனரா? 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகவே நடந்துவந்த வழியைச் சட்டம் பாதுகாக்கின்றது. இதனை வில்லங்கச் சான்று காட்டாது, அக்கம்பக்கத்தாரே சொல்வர்.

அடுத்துக் கட்டடம். இரும்புத் தூண் துருப்பிடிப்பதும், மரத்தூணைக் கரையான் அரிப்பதும் பெரும்பாலும் தரையை ஒட்டிய இடத்திலேதான். அங்கே ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். கொட்டகைக் கூரை வீட்டுச் சுவரில் சேருமிடத்தில் ஈரக்கறை உண்டா என நோக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை விரிசலுற்றிருப்பின், மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனை உடைத்து எறிதல் ஆகாது. அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. கார் நிறுத்த ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும்; கார் நுழைந்தபின் கதவு திறக்க இடமில்லையேல் அக்கொட்டகையால் பயனில்லை. கழிவுத்தொட்டி எங்குள்ளது என்றும் கேளுங்கள். கொட்டகைத் தரையின் கீழ் இருப்பின், அதன் மூடுபலகை காரின் பாரத்தைத் தாங்குமாறு அமைக்கப்பட்டதா எனப் பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இயன்றால் ஐப்பசி மழையில் ஒரு முறை சென்று பாருங்கள். கூரைநீர் எவர் மனையில் விழுகின்றது என்பதை மழையே காட்டிவிடும்.

புறவீட்டில் எவரேனும் குடியிருந்தால், “பத்திரம் முடிந்ததும் போய்விடுவார்” என்னும் சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவரிடமே பேசுங்கள். எவ்வளவு காலமாக இருக்கின்றார், எங்கே போவார் என அறியுங்கள். அவருக்குச் சட்டம் தரும் உரிமையும் இருக்கலாம். ஓர் ஏழை முதியவரின் கூரையைப் பறித்துக்கொண்டு குடிபுகும் வீட்டில் நமக்கு நிம்மதி ஏது?

குறைகள் தென்பட்டால் வீட்டையே வேண்டாம் எனத் தள்ளவேண்டியதில்லை. பழுதுச் செலவை விலையில் குறைக்கக் கேட்கலாம். எல்லைச் சிக்கலைத் தீர்த்துத் தந்த பின்னரே பத்திரம் எனச் சொல்லலாம்.

இறுதியாக, வீட்டை விற்கவிருக்கும் வாசகருக்கும் ஒரு சொல். வாங்க வருபவர் கொல்லைப்புறம் பார்க்க மறந்தால், நீங்களே அழைத்துச் சென்று காட்டுங்கள். சட்டம் அவ்வளவு கேட்கவில்லைதான். ஆனால் அந்த ஆசிரியருக்கு எவரேனும் அதைச் செய்திருந்தால், இன்று இரு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பர்.