நோயுற்ற பூனைக்கும் ஒரு வீடு

1959இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற காப்பகத்தை ஒவ்வோர் ஊரிலும் எதிர்பார்க்க இயலாது. இருக்கும் இடங்களிலும் துள்ளும் குட்டிகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். கண்ணில் பீளை தள்ளிய தெருப்பூனை காத்துக் கிடக்கிறது.

தொற்றிவிடும் என்னும் அச்சம்தான் காரணம். அதிற்பாதி வீண் என்பது எங்கள் கருத்து. பெயரைக் கேட்டே அஞ்சப்படும் எஃப்.ஐ.வி. கிருமி மனிதருக்குத் தொற்றாது. படர்தாமரை தொற்றும், மருந்துண்டு. வெறிநோய் மட்டும் விளையாட்டன்று. கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு வாருங்கள். கருவுற்றோரும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் பூனை மலத்தை அள்ள வேண்டா. வீட்டில் வேறொருவர் அள்ளட்டும்.

வேளை தவறாமல் மருந்து கொடுக்கப் பழகிய குடும்பங்கள் உங்களுடையவை. ஆயினும், உங்கள் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். கொடுமுடியிலிருந்து காவிரியைக் கடந்து சென்றால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காப்பகத்தாருக்கும் ஒரு சொல்: பூனையின் நோயை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் பத்தாம் நாள் கூடையோடு திரும்பி வரும்.