யாருக்கு என்று கேட்டுவிட்டுப் பின்னுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தாமலில் ஏரிக்காற்று விடியற்காலையில் வாசல் வரை வந்துவிடும். ஏரி நிரம்பிக் கிடக்கும் வருடங்களில் குளிர் இன்னும் கொஞ்சம் கூடுதல். தாமோதரப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும் நேரத்துக்கு நான் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் நூலுருண்டையை வைத்துக்கொண்டு ஊசியை எடுத்துவிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதுதான் பழக்கம்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன் நர்சம்மா, நம்ம ஊரு குளுருக்கு ஸ்வெட்டரு யாரு போடப் போறாங்க? எட்டு மணிக்கெல்லாம் வெயிலு காயுதே!"

நியாயமான கேள்வி. இங்கே தை மாதத்து இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கோத்தகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பின்னல் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் இருவருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற முதல் இரண்டு குளிர்காலமும் நான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பின்னித் தள்ளினேன். மகனுக்கு மப்ளர், மருமகளுக்குச் சால்வை, பேரனுக்கு யானை படம் போட்ட ஸ்வெட்டர், சம்பந்தி அம்மாவுக்குக் காலுறை. எல்லோரும் "கையாலயே பின்னுனதா!" என்று வியந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை ஓசூரில் மகன் வீட்டுக்குப் போனபோது, போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தேன். நான் கொடுத்த அத்தனையும் அதே பிளாஸ்டிக் பையில், மடிப்புக் கலையாமல் இருந்தன. பேரன்தான் உண்மையைச் சொன்னான்: "அது குத்துது பாட்டி." மருமகள் பதறிப்போய், "இல்லீங்க அத்தை, விசேஷத்துக்குப் போடலாம்னு எடுத்து வச்சிருக்கோம்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாராவது என்னிடம் ஸ்வெட்டர் கேட்டார்களா? ஓசூர் குளிருக்கு அவர்கள் கடையில் வாங்கிய மெல்லிய ஜாக்கெட்டே போதும். பின்னுகிற சந்தோஷம் என்னுடையது. அதைத்தான் பரிசு என்று பெயர் வைத்து அவர்கள் தலையில் கட்டியிருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது நான் எதற்காக ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

1979. எனக்கு 25 வயது. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வேலை. அப்போது கிராமத்தில் பாதிக்கு மேல் வீட்டுப் பிரசவம்தான். மார்கழி மாதம், விடிவதற்கு முன்னே ஒரு ஆள் வந்து கதவைத் தட்டினார். "புள்ள பொறந்திருச்சு நர்சம்மா, ஆனா அழவே மாட்டேங்குது." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். குறைமாதக் குழந்தை. பெண். என் பையில் இருந்த ஸ்பிரிங் தராசில் 1,700 கிராம் காட்டியது. பிறந்தவுடன் குளிப்பாட்டியிருந்தார்கள். அதுதான் வழக்கம், அந்த ஆயா மேல் குற்றம் சொல்ல முடியாது. ஈரத் தலையோடு ஒரு பழைய புடவைத் துணியில் சுற்றி, தாயிடமிருந்து தள்ளி முறத்தில் வைத்திருந்தார்கள். காலைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

குழந்தையைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் என் பையில் கத்தரி, நூல், மருந்து, தராசு எல்லாம் இருந்ததே தவிர, அந்தத் தலையை மூட ஒரு துண்டுத் துணிகூட இல்லை. என் முந்தானையைக் கிழித்துச் சுற்றினேன். மாட்டு வண்டி கட்டி மெயின் ரோட்டுக்கு வந்து, லாரியை நிறுத்தி ஏறினோம். காஞ்சிபுரம் வந்து சேருவதற்கு முன்பே என் மடியில் குழந்தை அடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. குழந்தைக்கு வேறு கோளாறும் இருந்திருக்கலாம், தொப்பி இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. என் கையில் ஒன்றும் இல்லாமல் போனேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பயிற்சி விடுதியில் என் அறையில் இருந்த கோத்தகிரிப் பெண் குளிர்காலம் முழுக்கப் பின்னிக்கொண்டே இருப்பாள். அப்போது அவளை நான் கேலி செய்திருக்கிறேன். அந்த மாதமே அவளுக்குக் கடிதம் எழுதி, அடுத்த விடுமுறையில் போய்க் கற்றுக்கொண்டேன். அவள் நிட், பர்ல் என்று சொல்லிக்கொடுத்ததை நான் நேர்ப்பின்னல், புரட்டுப்பின்னல் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை என் பையில் இரண்டு தொப்பி இல்லாமல் நான் எந்தப் பிரசவத்துக்கும் போனதில்லை.

தலைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்குக் கீழே கொழுப்பும் கிடையாது, நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. ஈரத் தலை காற்றில் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும். நமக்கு இதமாக இருக்கிற தாமல் இரவு, இரண்டு கிலோகூட இல்லாத குழந்தைக்குக் கடுங்குளிர்.

அந்த 1978, 79-ஆம் வருடங்களில்தான் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே, ஹெக்டர் மார்டினெஸ் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு வழியைத் தொடங்கினார்கள் என்று பின்னாளில் படித்தேன். இன்குபேட்டர் பெட்டிகள் போதாமல், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்துக் கட்டிவைத்தார்கள். இன்று அதைக் கங்காரு தாய் பராமரிப்பு என்கிறோம். நம் அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அதில் குழந்தைக்கு உடுப்பு மிகக் குறைவு: இடுப்பில் ஒரு துணி, காலுக்கு உறை, தலைக்கு ஒரு தொப்பி. மீதிச் சூட்டைத் தாய் கொடுக்கிறாள். என் பின்னலுக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

ஓசூரிலிருந்து திரும்பி வந்ததும் மப்ளர், சால்வை எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது பின்னுவது தொப்பியும் காலுறையும்தான். ஊசியில் 64 கண் ஏற்றி, இரண்டு நேர், இரண்டு புரட்டு என்று விளிம்பு பிடித்துக்கொண்டு மேலே போனால் சிறிய தலைக்கு இழுத்துக் கொடுக்கிற மாதிரி வரும். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு 33 முதல் 35 சென்டிமீட்டர், குறைமாதத்துக்கு அதைவிடக் குறைவு. இரண்டு அளவில் செய்கிறேன்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயங்கள். கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். வியர்வையை உறிஞ்சாது, நெருப்புக்குப் பக்கத்தில் போனால் உருகும். நம் ஊருக்கு மெல்லிய பருத்தி நூல் நல்லது. ஆனால் பருத்தி ஈரமானால் குளிரும், உடனே மாற்ற வேண்டும். அதனால் எப்போதும் ஜோடியாகத்தான் கொடுப்பேன். குஞ்சம், பொத்தான், ரிப்பன் எதுவும் வேண்டாம், வாயில் போய்விடும். காலுறையின் உள்பக்கம் ஒரு இழை நூல்கூடத் தொங்கக் கூடாது. அது குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்றே தெரியாது. கொடுப்பதற்கு முன் துவைத்து வெயிலில் காயவைத்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாக எடை ஏறி, வீட்டில் தூங்குகிற குழந்தைக்குப் பகலெல்லாம் குல்லா மாட்டி வைக்காதீர்கள். சூடு அதிகமானாலும் ஆபத்துதான். பிடரியில் வியர்த்திருந்தால் கழற்றிவிடுங்கள். ஆசையாய்ப் பின்னிக் கொடுத்ததாயிற்றே என்று சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக் கூட்டி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று குழந்தை ஏன் வேகவேண்டும்?

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். நான் தொப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒரு இளம் செவிலியர் கேட்டார்: "அம்மா, இப்பல்லாம் பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. கூப்பிட்டா 108 வந்துருது. தொப்பி மொத்தமா வாங்குனா ரொம்ப மலிவு. நீங்க கண்ண கெடுத்துக்கிட்டு ஒண்ணுக்கு ரெண்டு நாள் உக்காரணுமா?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. 2008-இல் 108 வந்தது. நான் மாட்டு வண்டி கட்டின ஊருக்கு இன்று வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறது. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். இதைப் பார்க்க நான் உயிரோடு இருக்கிறேனே என்று சந்தோஷப்படுகிறேன். கடைத் தொப்பி குழந்தைக்குப் போதுமா என்றால் போதும். கையால் பின்னியதில் ஏதோ தனிச் சூடு இருக்கிறது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

அதனால் அவரிடமே கேட்டேன்: "சரிம்மா, உங்களுக்கு எது கிடைக்கல?" கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: கடையில் வாங்குகிற தொப்பி எல்லாம் நிறைமாதக் குழந்தைக்கான அளவு. 1,500, 1,800 கிராம் குழந்தைக்குப் போட்டால் கண்ணை மறைத்து மூக்கு வரை இறங்குகிறது. அந்தச் சின்ன அளவு வேண்டும், காலுறையும் வேண்டும் என்றார். அன்றிலிருந்து பெரிய அளவைக் குறைத்துவிட்டேன். இரண்டு வருடம் பின்னிக் கொடுத்த பிறகுதான் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கே வெட்கம்.

சென்னையில் நடந்த ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவில் பல ஊர்ப் பெண்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட, வீட்டிலிருந்தே கொக்கி ஊசியால் போர்வைத் துண்டுகள் பின்னி அனுப்பினார்கள். 2016 ஜனவரி 31-ஆம் தேதி அவற்றை ஒன்றாக இணைத்து விரித்தபோது 11,148.5 சதுர மீட்டர் வந்தது. உலகிலேயே பெரிய குரோஷேப் போர்வை என்று கின்னஸ் சாதனை. பேப்பரில் அந்தச் சாதனைதான் பெரிதாக வந்தது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வேலை: அதை மறுபடி போர்வைகளாகப் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்களே, அது. விரித்து வைத்த போர்வையை யாரும் போர்த்திக்கொள்ள முடியாது அல்லவா?

என் கட்சி இவ்வளவுதான். கையால் செய்தது என்பதற்காகவே ஒன்று நல்ல பரிசாகிவிடாது. வாங்குகிறவருக்கு அது வேண்டுமா, அளவு சரியா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்பார்கள். போகட்டுமே, அலமாரியில் பையோடு கிடப்பதைவிட அது மேல். நம் வயதில் கண்ணும் விரலும் இன்னும் எத்தனை குளிர்காலம் ஒத்துழைக்கும் என்று தெரியாது. எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். இருக்கிற பார்வையை யாருக்கும் வேண்டாத மப்ளரில் செலவழிக்க எனக்கு மனமில்லை.

பொங்கலுக்கு மகன் குடும்பம் தாமலுக்கு வருகிறது. இந்த முறை பேரனிடம் போனில் கேட்டுவிட்டேன்: "உனக்குப் பாட்டி என்னடா பின்னித் தரட்டும்?" ஸ்வெட்டர் வேண்டாமாம். பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை வேண்டுமாம், நீல நிறத்தில். பாட்டிலின் சுற்றளவை அவனையே அளந்து சொல்லச் சொன்னேன். 23 சென்டிமீட்டர். நாளைக்குக் காஞ்சிபுரம் போகும்போது நீல நூல் வாங்க வேண்டும்.