மாதக் கடைசியில் வரும் திருநாள்

தீபாவளி சில ஆண்டுகளில் மாதத்தின் முதலிலும் சில ஆண்டுகளில் நடுவிலும் வரும். பொங்கல், சம்பளம் வாங்கிய இரண்டு வாரத்திற்குள் வந்துவிடும். ரம்ஜான் பிறைக் கணக்கின்படி ஆண்டு முழுவதும் சுற்றி வரும். கிறிஸ்துமஸோ ஆண்டு தவறாமல் டிசம்பர் 25ஆம் நாளன்று, மாதச் சம்பளக்காரரின் கை வறண்டிருக்கும் வேளை பார்த்து வருகின்றது. இரயில்வே ஊழியர்க்கு மாதத்தின் கடைசி வேலை நாளில்தான் சம்பளம். ஆயுத பூஜைக்கு முன்னர்க் கிடைக்கும் போனஸ், அண்மை ஆண்டுகளில் 78 நாள் ஊதியம், உச்ச அளவு 17,951 ரூபாய், கார்த்திகை பிறக்குமுன்னரே கரைந்து போயிருக்கும். நாட்கூலிக்கு உழைப்போர்க்கு அந்தப் போனஸும் இல்லை.

தம்பானூரையும் சாலைக் கடைவீதியையும் சுற்றி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றொரு சுமையும் உண்டு. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த நமக்குப் பிறந்த ஊரில் ஒரு வீடு, பிழைக்க வந்த ஊரில் ஒரு வீடு. ஊரிலுள்ள பெற்றோர்க்குப் பணம் அனுப்பிய பின்னரே இங்குள்ள குழந்தைகளின் புத்தாடையைப் பற்றி நினைக்க வேண்டும். பண்டிகை ஒன்று; செலவுக் கணக்கு இரண்டு. இந்நிலையில் ‘இருப்பதைக் கொண்டு மகிழுங்கள், இறைவனுக்கு நன்றி கூறுங்கள்’ என்று உபதேசம் செய்வது எளிது. அதனை ஒரு வீட்டில் நடத்திக் காட்டுவதன்றோ அரிது! அதற்கு வழி யாது என்பதையே இம்மாதம் எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

முதலில் அத்திருநாளின் மூலக்கதையையே நோக்குவோம். லூக்கா எழுதிய நற்செய்தியின்படி, யோசேப்பும் மரியாளும் தம் ஊரில் இருக்கவில்லை. அகஸ்து இராயனின் ஆணைப்படி குடிமதிப்பில் பெயர் பதிவதற்காக நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சென்றிருந்தார்கள். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையை மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். அயலூரில், அரசாங்கக் காரியமாக அலைந்து, தங்க இடமின்றித் தவித்த ஒரு குடும்பத்தின் கதை அது. வெளியூரில் வாடகை வீடு தேடி அலைந்த எவர்க்கும் அதற்கு உரை வேண்டுவதில்லை.

அக்கதையின் தொடர்ச்சியைப் பலரும் கவனிப்பதில்லை. குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டு சென்றபோது அக்குடும்பம் செலுத்திய காணிக்கை ஒரு ஜோடிப் புறா. யூதர்களின் சட்டப்படி, பிள்ளை பெற்ற தாய் ஓர் ஆட்டுக்குட்டியைச் செலுத்த வேண்டும். அதற்கு வசதியற்றவள் இரண்டு காட்டுப்புறாவையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொடுத்தால் போதும். ஏழைக்கென்று சட்டம் வகுத்த காணிக்கையையே அவர்கள் கொடுத்தார்கள். கடன் வாங்கி ஆட்டுக்குட்டியோடு வரவில்லை. கையில் இருந்த அளவுக்குக் கொடுத்ததால் அக்காணிக்கை தாழ்ந்துவிடவும் இல்லை.

நாம் கடைகளில் பார்க்கும் குடிலின் வரலாறும் இத்தகையதே. 1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் மலையூரில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும், உயிருள்ள ஒரு காளையும், ஒரு கழுதையுமே இருந்தன. செல்வ வணிகர் குடும்பத்தில் பிறந்து, ஏழ்மையைத் தாமே ஏற்றுக்கொண்டவர் அவர். இன்று மின்விளக்குகளால் மின்னும் குடிலுக்கு மூலம் ஒரு கைப்பிடி வைக்கோல்.

இனி, ஒரு குமாஸ்தாவின் கிறிஸ்துமஸைக் காண்போம். ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ என்னும் சிறு நூலில் பாப் கிராட்சிட் என்றொரு குமாஸ்தா வருகிறார். வாரச் சம்பளம் 15 ஷில்லிங்; குழந்தைகள் அறுவர்; கடைசிப் பையன் நோயாளி. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரே ஒரு வாத்து. ஆப்பிள் கூழும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்து அதனை எல்லோர்க்கும் போதுமாறு பரிமாறுகிறாள் மனைவி. ஒருவர் கிழங்கை மசிக்கிறார், ஒருவர் தட்டைத் துடைக்கிறார், சிறுவர்கள் நாற்காலிகளை எடுத்துப் போடுகிறார்கள். வேலையற்றவர் அவ்வீட்டில் ஒருவருமில்லை. அக்குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் வாத்து மட்டுமன்று, அந்தக் கூட்டு வேலையுமே என்பது நம் கருத்து.

உணவு முடிந்ததும் பாப், தம் முதலாளி ஸ்குரூஜின் நலத்துக்காகக் குடிப்போம் என்கிறார். மனைவிக்குக் கோபம் பொங்குகின்றது. அத்தகைய கஞ்சனுக்கா வாழ்த்து என்று கேட்கிறாள். பின்னர்க் கணவனுக்காகவும் அந்நாளின் பெருமைக்காகவும் இணங்குகிறாள். இருவருள் யார் செய்தது சரி? இருவரும் செய்தது சரியே என்போம். கணவர் நன்றியை மறக்கவில்லை. மனைவி நியாயத்தை மறக்கவில்லை. நன்றியறிதல் வேறு, வாய்மூடிக் கிடத்தல் வேறு. கதையும் ஏழையின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டு முடியவில்லை. முதலாளி மனம் திருந்திச் சம்பளத்தை உயர்த்திய பின்னரே முடிகின்றது. குறைந்த கூலி கொடுப்பவர் நன்றியைப் பற்றிப் பேசுவாரானால், அவர்க்கு இக்கதையின் இறுதிப் பகுதியைப் படித்துக் காட்டுதல் வேண்டும்.

குமாஸ்தா வேலையின் பழக்கத்தால் நாம் மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். அந்நூலின் விலை 5 ஷில்லிங். கிராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! தம் கதையையே அவர் வாங்கிப் படித்திருக்க முடியாது. பணமுடையில் இருந்த டிக்கன்ஸ், இந்நூலால் 1,000 பவுன் கிடைக்குமென்று எதிர்பார்த்தார். முதற்பதிப்பின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன. எனினும் கைக்கு வந்த இலாபம் 230 பவுன் அளவே. பொன்முலாம் பூசிய அட்டையும், வண்ணப் படங்களும் வருவாயை விழுங்கிவிட்டன. எளிய குடும்பத்தின் விருந்தைப் பாடியவரையே அலங்காரச் செலவு ஏமாற்றியதென்றால், நாம் எம்மாத்திரம்?

அலங்காரத்தினும் கொடியது கடன். பண்டிகைக்காக 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் வாங்கினால், மாதந்தோறும் 500 ரூபாய்; அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வட்டி மட்டும் 6,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். இத்தகைய வட்டிக்காரர்களுக்குக் கேரளத்தில் ‘பிளேடு’ என்றே பெயர். அவர்களை அடக்க 2014ஆம் ஆண்டில் மாநில அரசு ‘ஆப்பரேஷன் குபேரா’ என்ற பெயரில் போலீஸ் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. ஒரு நாள் மகிழ்ச்சிக்காகப் பன்னிரண்டு மாத நிம்மதியை அடகு வைப்பது எவ்வகை மகிழ்ச்சி?

ஆதலின் நாம் கூறும் முதல் வழி, வீட்டுக் கணக்கை வீட்டாரிடம் மறைக்காமல் கூறுவதாகும். டிசம்பர் பிறந்ததும் ஒரு மாலையில் மனைவி மக்களோடு உட்கார்ந்து, ‘இத்தனை ரூபாய் இருக்கிறது, இதில் என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். குழந்தைகளுக்குப் புரியாது என்று எண்ணாதீர்கள். இல்லை என்ற சொல்லை விட, காரணம் சொல்லாத முகச்சுளிப்பே குழந்தையை மிகுதியாக வருத்தும். கணக்கில் பங்கு பெற்ற பிள்ளை, சிக்கனத்தைத் தண்டனையாகக் கருதாது. தன் யோசனையாகவே கருதும்.

இரண்டாவது, வாங்குவதைக் குறைத்துச் செய்வதைக் கூட்டுதல். மூங்கிற் சிம்பும், வண்ணக் காகிதமும், மைதாப் பசையும் இருந்தால் பிள்ளைகளே நட்சத்திரம் கட்டுவார்கள். கடை நட்சத்திரத்தைவிட அது சற்றுக் கோணலாக இருக்கலாம். ஆனால் ‘இது நான் ஒட்டிய முனை’ என்று சொல்ல அதில் ஓரிடம் இருக்கும். கேக் வாங்க இயலாத வீட்டில் நம் நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்து இருக்கின்றது. வறுத்த சிறுபயற்று மாவு, தேங்காய், எள், வெல்லப்பாகு ஆகியவற்றை உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால், புத்தாண்டு வரை கெடாது. அச்சுமுறுக்கும் அவ்வாறே. உருட்டுவதற்குப் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் வேண்டும்.

கேக்கின் கதையும் இதற்கு மாறானதன்று. 1883ஆம் ஆண்டில் தலைச்சேரி மம்பள்ளி பாப்பு என்னும் பிஸ்கட் தயாரிப்பாளரிடம், மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, அதுபோலச் செய்து தரச் சொன்னாராம். துரை கூறிய பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழச் சாராயத்தையும், உள்ளூர் வாழைப்பழத்தையும் சேர்த்துப் பாப்பு சுட்டுக் கொடுத்தார் என்றும், துரை சுவைத்து மகிழ்ந்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். இந்நாட்டின் முதற் கிறிஸ்துமஸ் கேக்காகப் போற்றப்படுவதே உள்ளூர்ச் சரக்கில் பிறந்ததென்றால், நம் அடுக்களைச் சரக்கு எதற்கு நாண வேண்டும்?

மூன்றாவது, நன்றியைப் பொதுவாகக் கூறாமல் ஆளைக் குறித்துக் கூறுதல். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இறைவனுக்கு நன்றி கூறும் வாய், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் மனைவிக்கு ஆண்டில் ஒரு முறையேனும் நன்றி கூறிற்றா? இரவுப் பணி முடிந்து வரும் கணவனுக்கு? மொழி தெரியாமல் வந்திறங்கிய நாளில் மருத்துவமனைக்கு வழிகாட்டிய மலையாளி அயலாருக்கு? ஊரில் நம் நிலத்தையும் பெற்றோரையும் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு? திருநாளன்று ஒவ்வொருவரும் ஒருவர்க்கு நன்றிக் கடிதம் எழுதட்டும். இதற்குச் செலவு ஒரு தாளும் சிறிது கூச்சமும்தான்.

நான்காவது, அடுத்த ஆண்டுக்கான சேமிப்பை இப்போதே தொடங்குதல். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு கலயத்தில் போட்டுத் திருச்சபைக்குக் கொடுப்பது நம் கிறிஸ்தவத் தாய்மாரின் பழக்கம். மிசோரம் மக்களும் 1910ஆம் ஆண்டு முதல் அவ்வாறே பிடி அரிசி சேர்த்துத் தம் சபைப் பணிகளைத் தாங்கி வந்துள்ளனர். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய கேரளத்தின் குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களும் வாரந்தோறும் சேர்க்கும் சிறு தொகையில் வேரூன்றியவையே. ஜனவரி முதல் வாரம் 50 ரூபாய் எடுத்து வைத்தால் ஐம்பது வாரத்தில் 2,500 ரூபாய், வட்டியற்ற கிறிஸ்துமஸ்.

இவையெல்லாம் கை இறுகியவர்க்குக் கூறியவை. கை முறிந்தவர்க்கு இவை போதா. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை எத்தனையோ மீனவர் கடலிலிருந்து திரும்பவில்லை. அடுத்த மாதம் வந்த கிறிஸ்துமஸ் அக்கரையோர ஊர்களில் ஆரவாரமின்றிக் கழிந்தது. கரையில் காத்திருந்த தாயிடம் ‘நன்றி கூறு, மகிழ்ந்திரு’ என்று சொல்ல எவர்க்கும் உரிமை இல்லை. அத்தகைய வீட்டின் வாசலில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் உணவு கொண்டு நிற்பதே அயலார் செய்யத் தக்கது. நன்றி என்பது பிறரிடம் கேட்டு வாங்கும் பொருளன்று. நம்மிடமிருந்து புறப்பட வேண்டிய செயல்.

எனவே, அன்பர்களே, இவ்வாண்டு உங்கள் இலைகளுள் ஒன்றை வெளியார் ஒருவர்க்காகப் போடுங்கள். நம் தெருக்களில் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே உழைக்கும் இளைஞர் பலர் உள்ளனர். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பிள்ளையும், வடநாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியும் அவர்களுள் அடங்குவர். ஆறு பேர் உண்ணும் குழம்பு ஏழாமவர்க்கும் போதும். சத்திரத்தில் இடமில்லை என்ற பழைய விடையை நம் வீடு திருப்பிச் சொல்லாதிருக்கட்டும். வாசகர் அனைவர்க்கும் கடனற்ற, கனிவுள்ள கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.